கணக்கில் வராத கண்கள்

நாற்பது வயதைத் தாண்டியவரின் கண்ணுக்கு அருகிலுள்ள பொருள்கள் மங்கித் தெரிவதை நம் முன்னோர் ‘வெள்ளெழுத்து’ என்றனர். ஏட்டைக் கையிலெடுத்தவன் எழுத்து வெளிறிப் போவதைக் கண்டு சூட்டிய பெயராகவே அது தோன்றுகிறது. அப்பெயரைச் சற்று உற்று நோக்கினால், அதனுள் ஒரு சமுதாயப் பாகுபாடு மறைந்திருப்பது புலப்படும். இக்குறை எழுத்தறிந்தவனுக்கே உரியது. மூக்குக்கண்ணாடி படித்தவனின் அடையாளம். கூடையும் கத்தியும் பிடிப்பவனுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என்பதே அந்தப் பாகுபாடு.

இயற்கை இத்தகைய வேறுபாடு எதனையும் அறியாது. கண்ணினுள்ளே அமைந்த வில்லை வயது ஏற ஏற இறுகுகிறது. கிட்டவுள்ள பொருளைக் காண வளைந்து கொடுக்கும் ஆற்றலை இழக்கிறது. பண்டிதருக்கும் பாட்டாளிக்கும் நிகழ்வது இதுவே. ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடும் பாட்டியின் குரலை லயத்தில் வாழ்ந்த எவரும் கேட்டிருப்பர். அந்தப் ‘பாட்டி’க்கு வயது பல வேளைகளில் ஐம்பதைக்கூட எட்டியிராது. காலையில் அவளே கூடையைச் சுமந்து மலையேறிக் கொழுந்து பறித்து வந்தவள். மாலையில் ஊசியின் காதைக் காணாத கண், காலையில் கொழுந்தை எவ்வாறு கண்டது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் அடங்கிய சபரகமுவ மாகாணத்துத் தோட்டங்களை முன்வைத்து இக்கேள்வியை இங்கே ஆராய விழைகிறோம். நூற்றைம்பது ஆண்டுகளாக அத்தோட்டங்களில் தொழிலாளியின் உடல் எண்ணப்பட்டும், நிறுக்கப்பட்டும், விலை மதிக்கப்பட்டும் வந்திருக்கிறது. கண் மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை. அவ்வாறு வராமற் போனது தற்செயலன்று என்பதே நம் கருத்து.

முதலில் வேலையின் தன்மையை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை பரவியது. 1876 இல் பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட இறப்பர் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள், அவ்வாண்டே இலங்கையின் ஹெனரத்கொடவை வந்தடைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரின் விலை உலகச் சந்தையில் உயர்ந்தபோது, களனிப் பள்ளத்தாக்கின் காடுகள் வெட்டப்பட்டு இறப்பர்த் தோட்டங்களாயின. களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை யட்டியாந்தோட்டையை எட்டியது. 1912 இல் இரத்தினபுரிக்கும் வந்தது. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிற்ற, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை என்ற பெயர்களெல்லாம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பேசப்படும் பெயர்களாயின.

இவ்விரு பயிர்களும் தொழிலாளியிடம் கேட்பது கைவலிமையை மட்டுமன்று. இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கொழுந்தைக் கிள்ள வேண்டும்; முற்றிய இலையையும் வளர்ச்சி நின்ற வங்கியையும் விலக்க வேண்டும். கையெட்டும் தூரத்தில், விரைந்து ஓடும் விரல்களுக்கு முன்னே கண் ஓட வேண்டும். கண் பின்தங்கினால் விரலும் பின்தங்கும். நிர்ணயித்த கிலோ நிறையாவிட்டால் முழுப் பேர் விழாது, அரைப் பேர்தான். இறப்பர் வேலையோ இதனினும் நுட்பமானது. பால் நன்கு சுரக்கும் விடியற்பொழுதில், மரநிழலின் அரையிருளில், பட்டையை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். கத்தி அளவுக்கு மீறி ஆழ்ந்துவிட்டால் மரம் காயப்படும். பட்டை மீண்டும் சீராக வளராது. பால்வெட்டுபவர் ஏச்சுக்கு ஆளாவார். ஆழம் குறைந்தால் பால் குறையும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு மில்லிமீற்றர் அளவே. பொற்கொல்லனின் வேலைக்கு நிகரான இந்த வேலையைச் செய்பவரின் கண்ணைப் பற்றித் துரைத்தனம் எழுதிவைத்தது என்ன?

தோட்ட வைத்தியத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம். இலங்கையில் தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி அளிப்பதற்கான முதற் சட்டம் 1872 இல் இயற்றப்பட்டது. கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த கூலிகள் வழியிலும் லயத்திலும் மடிந்த தொகை, குடியேற்ற அரசுக்கே பொறுக்க முடியாததாகிவிட்ட காலம் அது. செலவு யாருடையது என்று தோட்ட முதலாளிகளும் அரசாங்கமும் நெடுங்காலம் வழக்காடினர். 1912 இல் வந்த இரு சட்டங்கள் நோயுற்ற தொழிலாளரைக் கவனிப்பதையும் மருந்து வழங்குவதையும் துரையின் கடமையாக்கின. 1916 இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் அறநிலையம் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. தென்னிந்தியாவிலிருந்து வருவோர் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே கப்பலேறினர். 1939 இல் பிரசவ நன்மைகளுக்கான சட்டம் வந்தது.

இவற்றை வரிசைப்படுத்தி நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு தென்படுகிறது. வாந்திபேதியும் வைசூரியும் துரையின் பங்களாவுக்கும் பரவக்கூடியவை. ஆகவே மண்டபத்தில் முகாம் எழுந்தது. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சி உழைப்பைக் குறைப்பது. ஆகவே பேதி மருந்து வந்தது. பிரசவம் நாளைய தொழிலாளியைத் தருவது. ஆகவே காலந்தாழ்த்தியேனும் சட்டம் வந்தது. இச்சலுகைகளில் தொழிலாளரின் போராட்டத்துக்கும் நல்லுள்ளம் படைத்த சில வைத்தியர்களின் முயற்சிக்கும் பங்கு உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், கணக்கேட்டுடன் பொருந்திய நோய்க்கே மருந்து முந்தி வந்தது. வெள்ளெழுத்தோ தொற்றாது, கொல்லாது, ஆளைப் படுக்கையில் வீழ்த்தாது. இளமையின் உழைப்பெல்லாம் கறந்தெடுக்கப்பட்ட பின்னர் மெல்ல வருவது அது. கிலோ குறைந்தால் ‘கிழவிக்கு வேகம் போய்விட்டது’ என்று ஒரு சொல்லிற் கணக்கு முடிந்துவிடும். கண்தான் போயிற்று, கை போகவில்லை என்பதைக் கேட்பார் இல்லை.

கண்ணைச் சட்டம் முற்றாக மறந்துவிட்டதென்றும் சொல்வதற்கில்லை. 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம், வேலையில் நேரும் விபத்தால் கண்ணை இழந்தவருக்கு இழப்பீடு வகுத்தது. கையுக்கு இவ்வளவு, காலுக்கு இவ்வளவு என்பதுபோலக் கண்ணுக்கும் ஒரு விலை குறிக்கப்பட்டது. ஆனால் அது குருடான கண்ணுக்கு உரிய விலை. மங்கும் கண்ணைக் காத்து, வேலை செய்யும் கண்ணாக வைத்திருப்பதற்கு அச்சட்டத்தில் இடமில்லை. அழிந்த கண்ணுக்கு விலை உண்டு. வாழும் கண்ணுக்கு இல்லை.

வறுமையும் கண்ணைத் தின்றது. 1930களில் கொழும்பில் ஆராய்ச்சி நடத்திய லூசியஸ் நிக்கல்ஸ் என்ற வைத்தியர், இலங்கை மக்களிடையே வைட்டமின் ஏ குறைவு பரவியிருந்ததை எழுதினார். மாலைக்கண் அக்குறையின் அறிகுறி. அதே காலத்தில், 1934-35 இல், மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்துக் கிராமங்களைச் சூறையாடியது. கொயினாவும் பருப்பும் சுமந்து அக்கிராமங்களுக்குச் சென்ற இளம் இடதுசாரிகளுள் ஒருவரான என். எம். பெரேரா, 1936 இல் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். நோய் அரசியற் பிரச்சினை என்பதைச் சபரகமுவ மக்கள் அன்றே கண்டுகொண்டனர். ஆனால், கொள்ளைநோயைப் போலக் கூக்குரலிட்டு வராத குறைகள் அரசியல் மேடைக்கு வருவதற்கு நெடுங்காலம் ஆகும்.

இனி 1948 ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஜூலை 5 ஆம் திகதி பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. அதற்கு முன்னர் அந்நாட்டுத் தொழிலாளரும் கண்ணாடிக்காக அல்லற்பட்டவரே. 1911 ஆம் ஆண்டின் காப்புறுதித் திட்டத்தில் கண் வைத்தியம் மிகுதிப் பணம் சேர்ந்த சங்கங்களின் உறுப்பினருக்கு மட்டும் கிடைக்கும் மேலதிக நன்மையாகவே இருந்தது. ஏனையோர் கடையில் அடுக்கிவைத்த மலிவுக் கண்ணாடிகளுள் ஒன்றைத் தாமே போட்டுப் பார்த்து வாங்கிச் சென்றனர். 1948 இல் கண் பரிசோதனையும் கண்ணாடியும் இலவசம் என்றதும் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். அரசாங்கம் எதிர்பார்த்ததையெல்லாம் மிஞ்சிய அந்தத் திரளைச் சில பத்திரிகைகள் பேராசை என்று பழித்தன. அது பேராசையன்று, தலைமுறை தலைமுறையாகத் தேங்கி நின்ற தேவை. அத்திட்டத்தின் தந்தையான அனியூரின் பெவன் இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். அவரது ஊரான திரெடேகரில் தொழிலாளர் தம் கூலியிலிருந்து பென்னி பென்னியாகச் சேர்த்து நடத்திய வைத்திய உதவிச் சங்கமே அவருக்கு வழிகாட்டியாயிற்று. 1951 இல் கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் கட்டணம் விதிக்க அரசாங்கம் முற்பட்டபோது அவர் தம் மந்திரிப் பதவியைத் துறந்தார். ஒரு மூக்குக்கண்ணாடிக்காக ஒரு மந்திரி பதவி துறந்தார் என்பது சிலருக்கு நகைப்பாயிருக்கலாம். கண்ணாடி பிச்சையன்று, உரிமை என்று கொண்டவருக்கு அதில் நகைக்க ஒன்றுமில்லை.

அதே 1948 இல் இலங்கையில் நடந்தது என்ன? பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. இலண்டனிற் பதிவான கம்பெனிகளுக்குத் தேயிலையும் இறப்பரும் ஈட்டித் தந்த இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர் நாடற்றவராயினர். அந்தத் தேயிலையை அருந்திய இலண்டன் தொழிலாளிக்கு இலவசக் கண்ணாடி கிடைத்த ஆண்டில், அதைப் பறித்துக் கொடுத்தவளுக்கு இந்நாடு உன் நாடன்று என்ற சொல் கிடைத்தது. கூலிக்காரனுக்குக் கூலிக்காரன் பகையென்று நாம் இதனைச் சொல்லவில்லை. திரெடேகர் சுரங்கத் தொழிலாளி போராடிப் பெற்றதையே நாமும் பெற வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். உரிமை பெற்றவன் கண்ணாடி கேட்கலாம். உரிமை பறிக்கப்பட்டவன் முதலில் உரிமையைக் கேட்டாக வேண்டும்.

அடுத்து வந்த ஆண்டுகளில் தோட்ட மக்களின் தொழிற்சங்கங்கள் எதனைக் கேட்டன என்பதை இந்தப் பின்னணியிலேயே நோக்க வேண்டும். 1964 இல் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 இலும் 1981 இலும் சபரகமுவத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன. பலர் உடுத்த துணியோடு ஓடினர். 1992 இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளின் கைக்கு மாறியது. நாடற்றவராய் எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. நாடு, உயிர், கூலி என்ற மூன்றுக்காகவும் போராடிய மக்கள் வெள்ளெழுத்தைப் பற்றிப் பேசாததில் வியப்பில்லை. ஆயினும், பேசாது விட்டதனால் அக்குறை இல்லையென்றாகி விடாது.

இதற்கிடையில் நாட்டின் ஏனைய பகுதியினருக்குக் கண் சார்ந்த சில நன்மைகள் ஏட்டிலேறின. அரசாங்க ஊழியருக்கென 1997 இல் தொடங்கிய அக்ரஹார காப்புறுதியின் நன்மைகளில் மூக்குக்கண்ணாடியும் ஒன்று. இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களில் பலர் அதன் பயனைப் பெற்றிருப்பர். ஆக, கண்ணாடி காப்புறுதிக்குள் அடங்கும் பொருள் என்பதை இந்நாட்டு அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. கேள்வி யாருடைய கண்ணுக்கு என்பதே. தோட்டப் பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியருக்கு அந்த நன்மை உண்டு. அவரது வகுப்பிலுள்ள பிள்ளையின் தாய்க்கு இல்லை. கரும்பலகையும் கொழுந்தும் கண்ணின் முன்னே ஒன்றுக்கொன்று தாழ்ந்தவை அல்லவே!

தொழிலாளருக்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. 1980 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தொழிலாளியின் சம்பாத்தியத்தில் நூற்றுக்கு 3 வீதம் செலுத்த வேண்டும். அந்நிதியம் தன் உறுப்பினருக்குத் தரும் நன்மைகளுள், கண்புரையை நீக்கிப் பொருத்தும் உள்வில்லைக்கான பண உதவியும் ஒன்று. 1949 இல் இலண்டன் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாகப் பொருத்திய அந்த வில்லை, தோட்டத் தொழிலாளியின் கண்ணுக்கும் வர ஒரு வழி திறந்திருக்கிறது. ஆனால், அவ்வுதவி நிதி செலுத்தப்பட்டுவரும் உறுப்பினருக்கே உரியது. கண்புரையோ பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்ந்த பின்னரே முற்றுகிறது. பேர்ப்பதிவிலிருந்து நீங்கிக் கைக்காசுக்கு வேலை செய்பவருக்கோ நிதியமே இல்லை. தேவை தொடங்கும் இடத்தில் நன்மை முடிந்துவிடுகிறது. வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு அங்கும் இடமில்லை. அரசாங்க வைத்தியசாலையில் பார்வையை இலவசமாகச் சோதித்துச் சீட்டு எழுதித் தருவர். கண்ணாடியைப் பெரும்பாலும் பட்டணத்துக் கடையில் காசு கொடுத்தே வாங்க வேண்டும். ஒரு நாட் பேரை இழந்து, பஸ் ஏறிப் போய், கண்ணாடியின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பும் பயணம் அது.

கண்ணாடி கொடுத்தால் தோட்டத்தில் என்ன மாறும் என்பதை அளந்து பார்த்த இடம் இந்தியாவின் அசாம். 2017 இல் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த, வெள்ளெழுத்துக்கு ஆளான 751 தொழிலாளரைத் தேர்ந்து ஒரு பகுதியினருக்கு உடனே கண்ணாடி கொடுத்தனர். மற்றவருக்குச் சோதனை முடிந்தபின் கொடுத்தனர். கண்ணாடி பெற்றவரின் நாளாந்தக் கொழுந்து சராசரி 25 கிலோவிலிருந்து ஏறத்தாழ 35 கிலோவாயிற்று. பெறாதவரின் கொழுந்தும் பருவத்தோடு கூடிற்று; ஆனால் 26 இலிருந்து 31 கிலோ வரையே எட்டிற்று. ஏறத்தாழ நூற்றுக்கு 22 வீதம் வேறுபாடு. ஐம்பதைக் கடந்தவரிடையே அது நூற்றுக்கு 30 வீதத்தையும் தாண்டியது. கண்ணாடிக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் ஆளுக்கு ஆன செலவு பத்து டொலர் அளவே. 2018 இல் இம்முடிவு வைத்திய ஏடான லான்செட்டின் உலக சுகாதாரப் பதிப்பில் வெளிவந்தது.

இந்த எண்களை நாம் இரு விதமாகப் படிக்கலாம். கம்பெனி படிக்கும் விதம் ஒன்று: பத்து டொலர் போட்டால் இத்தனை கிலோ இலாபம். தொழிலாளி படிக்கும் விதம் மற்றொன்று: நான் இதுவரை இழந்த கிலோவும் அரைப் பேரும் என் சோம்பலால் இழந்தவையல்ல. ‘வேகம் போய்விட்டது’ என்று ஏச்சுக் கேட்ட தாய்மாரின் பெயரை அந்த ஆராய்ச்சி துடைத்துச் சுத்தமாக்கிவிட்டது. ஆயினும் எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். கண்ணாடியால் கொழுந்து கூடும் என்பதைக் காட்டி நிர்ணயக் கிலோவை உயர்த்துவார்களானால், கண்ணாடியும் கங்காணியாகிவிடும். கண் கிலோவுக்காக மட்டும் படைக்கப்பட்டதன்று. சம்பளத் துண்டில் பிடித்த காசு எவ்வளவு என்று படிக்கவும், மருந்துச் சீட்டைப் பார்க்கவும், வாக்குச் சீட்டில் தான் விரும்பிய சின்னத்தைக் காணவும், பேரப்பிள்ளையின் கொப்பியை விரித்துப் பார்க்கவும் அதே கண்தான் வேண்டும். தன் கணக்கைத் தானே பார்க்க முடியாதவரை ஏமாற்றுவது எளிது. இதைத் தோட்டத்தின் வரலாறு நமக்குப் பலமுறை கற்பித்திருக்கிறது.

எத்தகைய கண்ணாடி என்ற கேள்வியும் அற்பமானதன்று. முற்காலத்துக் கண்ணாடி வில்லை பாரமானது, விழுந்தால் உடைவது. 1940களில் அமெரிக்காவில் உருவான பிளாஸ்டிக் வில்லை இலேசானது. ஆனால் எளிதிற் கீறல் விழும். வியர்வையும் தூசியும் துடைத்துத் துடைத்துச் சில மாதங்களில் மங்கிப் போகும். கீறலைத் தடுக்கும் கடினப் பூச்சு மலைச்சரிவில் வேலை செய்பவருக்கே முதலில் வேண்டியது. இன்னொன்று, ஒளி தெறித்துப் போகாமற் காக்கும் பூச்சு. வில்லையின் ஒவ்வொரு பக்கமும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கு அளவைத் திருப்பி அனுப்பிவிடும். காலத்தால் மங்கிய கண்ணாடி புதுக் கண்ணாடியைவிட அதிக ஒளியை உட்செலுத்துவதை 1886 இல் ரேலி என்ற ஆங்கில அறிஞர் கண்டார். 1935 இல் ஜெர்மனியின் சைஸ் கம்பெனியில் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா மெல்லிய படலம் பூசும் முறையைக் கண்டுபிடித்தார். அது போர்க்காலத்தில் இராணுவ இரகசியமாகக் காக்கப்பட்டது. எதிரியைக் காணும் தொலைநோக்கிக்காகப் பூசிய பூச்சு, போர் ஓய்ந்தபின் கடைக்கு வந்தது. இன்று கண்ணாடிக் கடையில் ‘கோட்டிங்’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கும் ஆடம்பரப் பொருளாக அது நம் முன் நிற்கிறது. விடியலின் அரையிருளில் பட்டை சீவும் ஒருவருக்கு இரு பக்கத்திலுமாக இழக்கும் அந்த நூற்றுக்கு 8 பங்கு ஒளி ஆடம்பரமா? தேவைப்படுபவருக்கு எட்டாததும், எட்டுபவருக்கு அலங்காரமானதும் இப்பொருளின் இன்றைய நிலை.

இலங்கை கண்ணைப் பற்றி அறியாத நாடன்று. 1961 இல் ஹட்சன் சில்வா அமைத்த கண்தானச் சங்கம் 1964 இல் சிங்கப்பூருக்கு விழிவெண்படலங்களை அனுப்பிற்று. அன்றிலிருந்து இந்நாட்டவரின் கொடையால் உலகின் பல நாடுகளிற் பார்வை பெற்றோர் பல்லாயிரம் பேர். அந்த ஈகையை நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம். கடல் கடந்தவருக்குக் கண் கொடுக்கும் நாடு, தன் மலைச்சரிவில் நிற்பவருக்கு ஒரு கண்ணாடி கொடுக்க இயலாத நாடாக இருக்க நியாயமில்லை.

ஆகவே நம் கோரிக்கை எளியது. நாற்பதைக் கடந்த ஒவ்வொரு தோட்டத் தொழிலாளியின் கண்ணும் ஆண்டுக்கொருமுறை தோட்டத்திலேயே, அன்றைய பேர் வெட்டப்படாமல், சோதிக்கப்பட வேண்டும். கத்தியைப் போன்று கண்ணாடியும் வேலைக் கருவி எனக் கொள்ளப்பட்டுக் கடினப் பூச்சுடன் வழங்கப்பட வேண்டும். நம்பிக்கை நிதியத்தின் கண் உதவி கண்ணாடிக்கும் விரிய வேண்டும். வேலையிலிருந்து ஓய்ந்தவரையும் கைக்காசு வேலைக்காரரையும் அது சேர்த்துக்கொள்ள வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்குச் செல்லும் சங்கங்கள் கூலியின் பக்கத்தில் இதனையும் எழுதிக்கொண்டு செல்லட்டும்.

ஆசிரியரும் மாணவரும் இவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளையின் முன்னேற்ற அறிக்கையில் ஒப்பமிட வரும் தாய், தாளைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறாளா என்று பாருங்கள். எழுதத் தெரிந்திருந்தும் ‘கைநாட்டே போதும்’ என்கிறாளா என்று கவனியுங்கள். அத்தகைய தாய்மாரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தோட்டத்துப் பாடசாலை சேர்த்த அந்தப் பட்டியல் வைத்திய அதிகாரிக்கும் தோட்டத் துரைக்கும் சங்கத்துக்கும் சென்றால், நூற்றைம்பது ஆண்டுகளாகக் கணக்கில் வராத கண்கள் முதன்முறையாக ஒரு கணக்கில் ஏறும்.